வற்றும் கிணற்றில் பழகிய பல்டி

கோச்சடையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் வைகை தெரியும். தண்ணீர் தெரியாது. அங்கே இருந்துகொண்டு கல்லூரி நீச்சல் அணியில் சேர்ந்திருக்கிறேன் என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? "எங்க போயி நீந்துற, கொடத்துக்குள்ளயா?" என்று ஒரு மாமா ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் கேட்பார். அவருக்கு அது அலுக்கவே இல்லை. அந்த வருஷம் எங்கள் அணி பல்கலைக்கழகப் போட்டியில் ஒட்டுமொத்தக் கோப்பையை வாங்கியது. அதோடு மாமா கேட்பதை நிறுத்திவிட்டார். இப்போது என்னிடம் அவர் பேசுவதே குறைந்துவிட்டது. பேசினாலும் சத்தம் போட்டுப் பேசுகிறார். அதைவிடப் பழைய கேலியே தேவலை.

நான் நீச்சல் ஆசையில் நீச்சலுக்குப் போனவள் இல்லை. எனக்கு சப்-இன்ஸ்பெக்டர் ஆக வேண்டும். இந்த ஆசை பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே வந்துவிட்டது. திருமங்கலம் ரோட்டில் நடந்த விபத்தில் அப்பா இறந்த அன்று வீடு நிறைய ஆட்கள். ஆளாளுக்கு அம்மாவைச் சூழ்ந்து நின்று, கையெழுத்து எங்கே போட வேண்டும், யாருக்குச் சொல்ல வேண்டும், எப்போது எடுக்க வேண்டும் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு மூச்சு விடக்கூட இடம் இல்லை. அப்போது விசாரிக்க வந்த ஒரு பெண் எஸ்.ஐ. வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "எல்லாரும் கொஞ்சம் வெளிய போங்கண்ணே, அந்தம்மாவுக்குக் காத்து வரட்டும்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. அறை காலியானது. அன்று எங்களுக்கு நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான். அந்தக் குரல் எனக்கு வேண்டும் என்று நினைத்தேன். வேறு எந்த வேலையையும் அதற்குப் பிறகு நான் மனதில் வைத்ததில்லை.

கல்லூரியில் சேர்ந்ததும் விளையாட்டு ஒதுக்கீடு பற்றி எனக்குச் சொன்னவர் எங்கள் பி.டி. மேடம். கோப்பை வாங்கிய அணியில் இருந்தேன் என்ற சான்றிதழ் கையில் இருந்தால் வேலைக்குப் பெரிய பலம் என்றார். ஓட்டத்திலும் கபடியிலும் ஏற்கெனவே ஆள் நிரம்பி வழிந்தது. நீச்சலில் வா என்றார். தேர்வு வைத்துப் பார்த்ததில் நான் சுமாருக்கும் கீழே. எங்கள் அணித் தலைவி திருவாதவூர்ப் பெண். அவள் கரையைத் தொட்டுத் தலை துவட்டும்போது நான் பாதித் தண்ணீரில் இருப்பேன். மேடம் என்னை அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நீந்துறது ஒனக்கு வரல. ஆனா யோசிக்காம குதிக்கிற. டைவிங்ல ஆளே கெடையாது. மூணு பேரு வந்தா அதிகம். ஒழுங்கா விழுந்து எந்திரிச்சாலே பாயிண்ட்" என்றார்.

எங்கள் வெற்றியின் ரகசியம் இவ்வளவுதான். நீச்சலில் தலைவி எடுக்கும் புள்ளிகளும், யாரும் வராத டைவிங்கில் நான் விழுந்து எடுக்கும் புள்ளிகளும் சேர்ந்தால் கோப்பை. மேடம் விளையாட்டு வீராங்கனை இல்லை, ஆனால் கணக்கில் புலி.

டைவிங் பழக இடம் வேண்டுமே. நாங்கள் நீந்தப் போகும் குளத்தில் பெண்களுக்கு என்று ஒதுக்கிய நேரம் துண்டு துக்கடா. அங்கே ஒரு காலத்தில் டைவிங் பலகை இருந்ததாம். இப்போது துருப்பிடித்த கம்பிகள் மட்டும் நின்றன. தலைவிதான், "எங்க கெணறு இருக்கு மேடம்" என்றாள். திருவாதவூரில் அவள் அப்பாவின் வயலில் சதுரமாகக் கட்டிய பெரிய பாசனக் கிணறு. மோட்டார் ரூமுக்கு முன்னால் ஒரு சிமெண்டுத் திட்டு கிணற்றின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும். பொங்கல் சமயத்தில் திட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒன்றரை ஆள் உயரம் இருந்தது. கிட்டத்தட்ட போட்டியில் இருக்கும் உயரப் பலகையின் அளவு. மேடம் எட்டிப் பார்த்துவிட்டு, "சாமி குடுத்த டைவிங் போர்டு" என்றார்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே கூத்து நடந்தது. நான் திட்டில் ஏறி நின்று, கைகளை விரித்து, குதித்தேன். வரப்பில் ஆடு ஓட்டிக்கொண்டு போன ஒரு அம்மா அதைப் பார்த்துவிட்டார். எங்கள் பக்கத்தில் வயதுப் பெண் ஒருத்தி கிணற்றில் குதித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வயலில் இருந்தவர்கள் கயிறும் கட்டிலுமாக ஓடி வந்துவிட்டார்கள். நான் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தால் சுற்றிலும் முகங்கள். "ஆத்தா, கயித்தப் புடி. எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்" என்று ஒருவர் அழுகிற குரலில் சொன்னார். நான் பல்டி பழகுகிறேன் என்றேன். நம்பவில்லை. தலைவியின் அப்பா வந்துதான் கூட்டத்தைக் கலைத்தார். அதற்குப் பிறகு நாங்கள் பழகும் நாளெல்லாம் அவர் வரப்பில் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டு போகிற வருகிறவர்களிடம், "சாகலத்தா, பழகுறாளுக" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஆனால் ஆட்டுக்கார அம்மா சிரிக்கவில்லை. தன் கொழுந்தன் மகள் அப்படித்தான் போனாள் என்று தலைவியின் அப்பாவிடம் சொல்லிவிட்டு, கிணற்றுப் பக்கம் வராமல் ஆடுகளைச் சுற்றிக்கொண்டு ஓட்டிப் போவார். நான் திட்டில் ஏறும்போதெல்லாம் தூரத்தில் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வது தெரியும்.

தை மாதத்தில் நடந்த மண்டலப் போட்டியில் நான் தங்கம் வாங்கினேன். அங்கே முந்தின நாளே போய்விட்டதால் பலகையில் ஏறி ஆசை தீரக் குதித்துப் பார்த்திருந்தேன். என்னோடு போட்டியிட்டவள் ஒரே ஒருத்தி. அவளும் பயந்து பயந்து குதித்தாள். தங்கம் என்று சொல்லவே கூச்சமாக இருந்தது. ஆனாலும் தலைகீழாகப் போய், உடம்பு ஒருமுறை சுற்றி, கை முதலில் தண்ணீருக்குள் நுழையும்போது சத்தமே வராமல் இருந்தது. அந்த ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. அதை நான் மறுக்க மாட்டேன்.

பெரிய போட்டி பங்குனியில். அதுவரை வாரா வாரம் கிணறுதான். இங்கேதான் எங்களைத் தவிர வேறு யாரும் செய்யாத ஒரு தவறைச் செய்தோம்.

மாசி வெயிலில் கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சப் பாய்ச்சக் கிணறு இறங்கியது. கடலையைக் காயப்போட்டு என்னைக் குதிக்கச் சொல்ல முடியுமா? ஒவ்வொரு வாரமும் தண்ணீர் இன்னும் கொஞ்சம் கீழே இருக்கும். சுவரில் ஈரக் கோடு ஒன்றன் கீழ் ஒன்றாக விழுந்திருக்கும். திட்டு அசையவில்லை, ஆனால் வாரா வாரம் உயர்ந்துகொண்டே போனது. நான் பழைய வேகத்தில் சுற்றினால் பல்டி சீக்கிரம் முடிந்து, மிச்சத் தூரத்துக்கு உடம்பு மேலும் சுற்றி மல்லாக்க விழுந்தது. முதுகு பழுத்தது. தலைவி மேலிருந்து, "மெதுவா சுத்துடி. இம்புட்டு எடம் கெடக்குல்ல, எதுக்கு அவசரம்?" என்றாள். மெதுவாகச் சுற்றினேன். சரியாக விழுந்தது. அடுத்த வாரம் இன்னும் மெதுவாக.

தலைவி இதை போனில் படம் பிடித்து மேடத்துக்கு அனுப்புவாள். மேடம் வாரத்துக்கு வாரம் மகிழ்ந்துபோனார். மெதுவாகச் சுற்றுவது பார்க்க அழகு. படத்தில் நான் மட்டும்தான் தெரிவேன். தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று தெரியாது. "இப்பத்தான் பதட்டம் போயிருக்கு" என்று குரல் செய்தி அனுப்பினார். மாசிக் கடைசியில் தண்ணீருக்குள் பாறை மங்கலாகத் தெரிய ஆரம்பித்ததும் தலைவியின் அப்பா, "போதுந்த்தா, இனிமே வேணாம்" என்று நிறுத்திவிட்டார். அப்போது திட்டிலிருந்து தண்ணீர் கிட்டத்தட்ட மூன்று ஆள் ஆழத்தில் இருந்தது.

போட்டி வேறொரு மாவட்டத்தில். பஸ் தாமதமாகி, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆரம்பித்துவிட்டார்கள். ஒரே ஒருமுறை குதித்துப் பார்க்க விட்டார்கள். நான் நேராகக் குதித்துப் பலகையின் துள்ளலை மட்டும் பார்த்துக்கொண்டேன். பலகையில் நின்று கீழே பார்த்தபோது தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தெரிந்தது. இவ்வளவுதானா என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு திமிர் வந்தது. பயந்திருந்தால் யோசித்திருப்பேன்.

என் முறை வந்ததும் துள்ளி எழுந்து, மூன்று ஆள் ஆழக் கிணற்றில் சுற்றுவதுபோல் நிதானமாகச் சுற்றினேன். சுற்றி முடிக்கும் முன்னே தண்ணீர் வந்துவிட்டது. இடது பக்கம் முழுவதும் அறைந்தது. காதுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். அதற்குப் பின் குளிர்ந்த ஏதோ ஒன்று தலைக்குள்ளேயே புகுந்தது. எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. நான் மேலே வருகிறேன் என்று நினைத்துக்கொண்டு அடித்தரையைக் கையால் தடவிக்கொண்டிருந்தேன். தலைவிதான் குதித்து இழுத்து வந்தாள்.

கரையில் உட்கார வைத்தார்கள். உலகம் சுற்றியது. மேடம் என் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். டைவிங்குக்கு மொத்தம் மூன்று பேர்தான் வந்திருந்தோம். மிச்ச டைவ்களையும் முடித்தால் எவ்வளவு மோசமாக விழுந்தாலும் எனக்கு மூன்றாம் இடம். அதற்கான புள்ளி வரும். விலகினால் ஒன்றும் கிடையாது. அந்தப் புள்ளி இல்லாமல் கோப்பை இல்லை. இதையெல்லாம் மேடம் வாயால் சொல்லவில்லை. "முடியுமாம்மா? முடியலைன்னா வேணாம்" என்றுதான் கேட்டார். முகம் வேறு மாதிரி கேட்டது. தலைவி, "வேணாம்டி, காதுல ரத்தம் வருது" என்றாள். நான் துண்டால் துடைத்துவிட்டு, "முடியும் மேடம்" என்றேன். கோப்பை வாங்காத அணியில் இருந்தவளுக்கு யார் சான்றிதழ் கொடுப்பார்கள்? அந்தத் தண்ணீருக்கு அந்தப் பக்கம்தான் என் காக்கி உடுப்பு இருப்பதாக எனக்குத் தோன்றியது. மேலே ஏறினேன். மீதியை எப்படி முடித்தேன் என்று கேட்டால் எனக்கே நினைவில்லை. ஒவ்வொரு தடவையும் குளிர் உள்ளே போனது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

கோப்பை வாங்கினோம். பஸ்ஸில் பாட்டுப் போட்டு ஆடினார்கள். எனக்கு அந்தப் பாட்டு ஒரு பக்கமாகவே கேட்டது. தண்ணீர் அடைத்திருக்கிறது, இறங்கிவிடும் என்று தலையைச் சாய்த்துத் தட்டிக்கொண்டே வந்தேன். மறுநாள் கல்லூரி வாசலில் மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். காதில் பஞ்சு வைத்திருந்தேன். ஃப்ளெக்ஸ் அடித்த கடைக்காரர் படத்தில் அந்தப் பஞ்சைக் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டார். நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார். பேனரில் என் காது எந்தக் குறையும் இல்லாமல் இருந்தது.

அம்மா மிஷன் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். எட்டாம் வகுப்புக்குக் காதின் படத்தைப் போர்டில் வரைந்து, செவிப்பறை எவ்வளவு மெல்லிய சவ்வு என்று வருஷா வருஷம் பாடம் எடுக்கிறவர். அன்று நான் வலியில் சுருண்டு படுத்திருந்ததைப் பார்த்ததும் அந்தப் பாடமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. நல்லெண்ணெயில் பூண்டைப் போட்டுக் காய்ச்சி, ஆற வைத்து, என் தலையை மடியில் வைத்துக் காதில் விட்டார். "தண்ணி கோத்துருக்கு. இது எடுத்துரும்" என்றார். நெற்றியில் சிலுவை போட்டு ஜெபம் பண்ணினார். எனக்கும் இதமாகத்தான் இருந்தது. அப்பா போன பிறகு அம்மா மடியில் படுத்தது அன்றுதான். அதனால் மறுநாளும் விடச் சொல்லி நானே கேட்டேன்.

சில நாட்களில் காதிலிருந்து சீழ் வந்தது. டாக்டர் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்து, "ஓட்டை விழுந்த காதுல எண்ணெயை ஊத்துனது யாரு?" என்று கேட்டார். அம்மா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "நாந்தான் சார். நான் சயின்ஸ் டீச்சர்" என்றார். எதற்கு அதைச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் அம்மா அழவில்லை. அந்த வாரத்திலிருந்து கோயிலில் நாங்கள் வழக்கமாக உட்காரும் பெஞ்சில் என் இடது பக்கம் உட்காருவதை விட்டுவிட்டு, வலது பக்கம் வந்து உட்கார ஆரம்பித்தார்.

யாரையும் குறை சொல்ல மாட்டேன் என்று பெருந்தன்மையாக எழுதிவிடலாம். அது பொய். எனக்கு மேடத்தின் மேல் கோபம் உண்டு. தலைவியின் மேல் உண்டு. மெதுவா சுத்து என்று அவள்தானே சொன்னாள். அம்மாவின் மேல் சில நாள் வரும்; வந்ததும் என் மேலேயே ஆத்திரம் வரும். அந்தக் கடலைச் செடிகளின் மேல்கூட எனக்குக் கோபம் வந்திருக்கிறது. கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சோறா பொங்க முடியும்?

சீழ் நின்றது, வலியும் போனது. காது ஆறிவிட்டது என்று நான் முடிவு பண்ணிக்கொண்டேன். போனை வலது காதுக்கு மாற்றியிருந்தேன், அவ்வளவுதான். எஸ்.ஐ. தேர்வுக்குப் படித்தேன். எழுத்துத் தேர்வில் தேறினேன். ஓட்டம், நீளம் தாண்டுதல், குண்டு எறிதல் எல்லாவற்றிலும் தேறினேன். சான்றிதழைக் காட்டியபோது அங்கே இருந்தவர், "டைவிங்கா? மதுரையிலயா?" என்று வியந்து பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். மிச்சம் இருந்தது மருத்துவப் பரிசோதனை ஒன்றுதான்.

காதுப் பரிசோதனை எப்படி இருக்கும் என்று முன்பே போனவர்களிடம் விசாரித்து வைத்திருந்தேன். நம்மைத் திரும்பி நிற்கச் சொல்லி, டாக்டர் பின்னால் தள்ளி நின்று மெல்லிய குரலில் ஏதாவது சொல்வார். நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். அம்மாவும் நானும் வீட்டுக் கூடத்தில் அதைப் பழகினோம். நான் சுவரைப் பார்த்து வலது காதைக் கையால் பொத்திக்கொண்டு நிற்பேன். அம்மா சமையல்கட்டு நிலையில் நின்று சொல்வார்.

"தக்காளி."

"தக்காளி."

"முப்பத்தாறு."

"முப்பத்தாறு."

ஒன்றுகூடத் தப்பவில்லை. திரும்பிப் பார்த்தால் அம்மாவின் முகம் மலர்ந்திருக்கும். எனக்கும் தெம்பு வந்தது. பிள்ளை தோற்பதைப் பார்க்க முடியாமல் அம்மா ஒவ்வொரு சொல்லுக்கும் குரலைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திக்கொண்டே போயிருக்கிறார். அந்தக் கூடத்தில் அது எனக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரிந்ததா என்று நான் கேட்டதில்லை.

பரிசோதனை அன்று அம்மா லீவு போட்டுவிட்டு வந்து மருத்துவமனை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். உயரம், எடை, கண், இதயம் எல்லாம் சரி. கடைசியாகக் காது. சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார்கள். நர்ஸ் அக்கா முதலில் என் இடது காதை விரலால் அழுத்தி மூடினார். பின்னாலிருந்து டாக்டர் மெல்லச் சொன்னவை தெளிவாகக் கேட்டன. "பம்பரம்" என்றேன். "நாற்பத்தெட்டு" என்றேன். "குட்" என்றார்.

அடுத்து நர்ஸ் அக்கா வலது காதை மூடினார். நான் பொத்துவதுபோல் இல்லை. விரலால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தார். சுவரில் சுண்ணாம்பு ஓரிடத்தில் உரிந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு மூச்சைப் பிடித்து நின்றேன். டாக்டர் எதையோ எழுதுகிறார் போல, எழுதி முடித்துவிட்டுச் சொல்வார் என்று காத்திருந்தேன். யாரோ அவரைக் கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். வெளியே வரிசை நீளமாக இருக்கிறதே, எதற்கு இவ்வளவு நேரம் எடுக்கிறார் என்று எரிச்சல்கூட வந்தது. கடைசியில் பொறுக்க முடியாமல், "நான் ரெடி சார், ஆரம்பிங்க" என்றேன்.

நர்ஸ் அக்கா என் காதிலிருந்து விரலை எடுத்தார். "அவரு முடிச்சுட்டாரும்மா" என்றார்.